மூணு தரம் சொன்ன பிறகு

குடும்பக் குழு: செவ்வாய்ப்பேட்டை வீடு, சேலம்

நான் (இரவு 9:12): ஒரு புலம்பல். போன ஞாயிறு ஆன்லைன் ஏலத்தில் எச்.எம்.டி. ஜனதா வாட்ச் எடுத்தேன் என்று குதித்தேனே, அது போச்சு. விற்றவர் ரத்து செய்துவிட்டார்.

அத்தை: அடடா. தாத்தா கட்டியிருந்த மாதிரியே இருக்கு என்று படம் போட்டாயே, அதுவா கண்ணு?

நான்: அதேதான் அத்தை. வெள்ளை டயல், சாவி கொடுக்கிற வாட்ச். ஆரம்ப விலை 99 ரூபாய். கடைசி பத்து நொடியில் ஒருத்தர் ஏற்றினார், நானும் ஏற்றினேன், 2,350-க்கு எனக்கு முடிந்தது. பணமும் அப்போதே கட்டிவிட்டேன். மூன்று நாள் சத்தமே இல்லை. நேற்று 'கீழே விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டது' என்று ஒரே ஒரு வரி.

மாமா: விழுந்திருக்கும்பா. பழைய வாட்ச்தானே.

நான்: மாமா, இன்று காலை அதே வாட்ச் 4,500 ரூபாய்க்கு நிற்கிறது. ஏலம் இல்லை, ஒரே விலை. டயலில் 4-க்கும் 5-க்கும் நடுவில் மீசை மாதிரி ஒரு துருக்கறை இருக்கும். ரெண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

(2 படங்கள்)

தீபா அக்கா: கறை அச்சு அசல் அதேதான். கீழே விரித்திருக்கிற பூப்போட்ட துணியைக்கூட மாற்றவில்லை, சோம்பேறி.

மாமா: எச்.எம்.டி. 1961-இல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. 2016-இல் இழுத்து மூடிவிட்டார்கள். அதான் பழசுக்கு இந்த ஆட்டம்.

பெரியப்பா: நான் 22 வருஷம் மூலப்பிள்ளையார் கோயில் பக்கம் வெல்ல ஏல மண்டியில் கணக்கு எழுதினவன். ஓமலூர், காடையாம்பட்டியிலிருந்து வண்டி வரும். 30 கிலோ சிப்பம். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் விவசாயி முன்னாடியே சொல்லிவிடுவான். அதில் தப்பே இல்லை. ஆனால் மூணு தரம் சொல்லி சீட்டு எழுதிய பிறகு, மறுநாள் விலை ஏறிவிட்டது என்று சிப்பத்தைத் திருப்பிக் கேட்டால் அப்புறம் அவன் சரக்கை ஒரு வியாபாரி தொட மாட்டான்.

மாமா: மண்டியில் ஆள் யார் என்று தெரியும் மச்சான். இங்கே பெயரை மாற்றிக்கொண்டு நாளைக்கே வந்துவிடுவான்.

தீபா அக்கா: அப்பா சொல்வது சட்டத்திலும் இருக்கிறது. 1930 சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஆவது பிரிவு. சுத்தியலைத் தட்டியோ, வழக்கமான வேறு முறையிலோ ஏலக்காரர் முடிந்தது என்று அறிவித்தால் விற்பனை முடிந்தது. இணையத்தில் ஏல நேரம் பூஜ்யத்துக்கு வருவதுதான் சுத்தியல் என்று வாதாடலாம். இன்னொன்று, முன்கூட்டிச் சொல்லாமல் விற்பவரே ஆள் வைத்து விலை ஏற்றினால் அதை மோசடியாகக் கருதவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது.

மாமா: கடைசி பத்து நொடியில் ஏற்றினது அவன் மச்சானாக இருக்கும் 😄

நான்: அக்கா, பெரிய கூத்தே இனிமேல்தான். ரத்துக்குக் காரணம் என்று அவர் போட்டிருப்பது 'வாங்குபவர் கேட்டுக்கொண்டார்'. ஒப்புக்கொள்கிறீர்களா என்று எனக்கு வந்து நிற்கிறது.

தீபா அக்கா: அழுத்தாதே!! பொருள் இல்லை, சேதம் என்று போட்டால் விற்பவர் கணக்கில் கரும்புள்ளி விழும். நீ கேட்டாய் என்று போட்டால் விழாது. ஈபே ஏலத் தளத்தில் பழைய வித்தை இது. ஈபே இந்தியக் கடையை 2018-இல் மூடியது, வித்தை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. 'இல்லை' கொடு. ஸ்கிரீன்ஷாட் எடு.

நான்: எடுத்தாச்சு. பணம் திரும்பி வந்துவிட்டது, அதனால் விட்டுவிடலாமா என்றும் இருக்கிறது.

மாமா: 2,350-க்கு கோர்ட்டுக்குப் போனால் பஸ் டிக்கெட்டுக்கே சரியாகப் போகும்.

தீபா அக்கா: 5 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது மாமா. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேலத்திலேயே போடலாம். ஆனால் தம்பி, ஒன்று பார். அவர் பீரோவை ஒழிக்கும்போது கிடைத்த ஒரு வாட்ச்சை விற்கிறவரா, தொழிலே அதுவா? சொந்தப் பொருளை எப்போதாவது விற்கிறவர் என்றால் 2020 மின்வணிக விதிகள் பொருந்தாது.

நான்: 61 வாட்ச் போட்டிருக்கிறார்.

தீபா அக்கா: அப்போ தொழில்தான். காலையில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசு.

ஏற்காடு சித்தப்பா (இரவு 10:40): இப்போதுதான் சிக்னல் வந்தது. எல்லாம் படித்தேன். திட்டக்கூடாது, நானும் ஒருதரம் ரத்து செய்திருக்கிறேன்.

நான்: சித்தப்பா!!

ஏற்காடு சித்தப்பா: அப்பாவுடைய காபி அரைக்கிற கை மிஷின். 3,000 வரும் என்று நினைத்தேன். 850-க்கு ஒரு பெங்களூர்க்காரர் எடுத்தார். பார்சல் கட்டும்போது அடியில் இருக்கிற மர இழுப்பறையைத் திறந்தேன், பழைய தூள் வாசம் குப்பென்று வந்தது. மனசு வரவில்லை.

நான்: மனசு வரவில்லையா, 850 போதவில்லையா?

ஏற்காடு சித்தப்பா: ரெண்டும்தான். ஆனால் உடைந்தது கிடைந்தது என்று பொய் சொல்லவில்லை. போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். அரை கிலோ காபித்தூளும் அனுப்பினேன். அவர் நல்ல மனுஷன், சிரித்துவிட்டார்.

பெரியப்பா: 2,000-க்குக் கீழே தர மாட்டேன் என்று முதலிலேயே போட்டிருக்கலாமே.

ஏற்காடு சித்தப்பா: போடலாம் அண்ணா. போட்டால் கூட்டம் வராது. 99 ரூபாய் என்றால்தான் பத்துப் பேர் எட்டிப் பார்க்கிறார்கள். கூட்டமும் வேண்டும், விலையும் வேண்டும் என்று வாட்ச்காரனும் ஆசைப்பட்டிருப்பான்.

அத்தை: அதெல்லாம் இருக்கட்டும். அந்த மிஷின் இப்போ எங்கே?

ஏற்காடு சித்தப்பா: பரண் மேலே. கைப்பிடி கழன்றுவிட்டது.

அத்தை: ஞாயிற்றுக்கிழமை 850 ரூபாயோடு மலை ஏறி வருகிறேன். இறக்கித் துடைத்து வை. ரத்து கித்து என்றால் தெரியும் சேதி.