மாட்டைப் பூட்டச் சொன்னார்கள், பூட்டிவிட்டேன்

சின்ன வயதில் ஒரு நாள் தாத்தா வண்டியைத் துடைத்துக்கொண்டே, "போய் மாட்டைப் பூட்டுடா" என்றார். நான் ஓடிப்போய்த் தொழுவக் கதவைச் சாத்தி, கையில் கிடைத்த பூட்டைப் போட்டு அமுக்கிவிட்டு வந்தேன். வண்டி வாசலில், மாடு உள்ளே. சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

தாத்தா சொன்னதுதான் அந்தச் சொல்லின் மூலப்பொருள் என்று வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது. காண் – காட்டு, உண் – ஊட்டு போல பூண் – பூட்டு. பூணுவது தானே அணிவது. பூட்டுவது இன்னொன்றுக்கு அணிவிப்பது, பிணைப்பது. ஏர் பூட்டுகிறோம், நகை பூட்டுகிறோம், விலங்கும் பூட்டுகிறோம். கதவில் தொங்குவதும் கொண்டியை நாதாங்கியோடு பிணைக்கத்தானே செய்கிறது? உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

—

எனக்கு நடந்தது கேரளத்தில். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிளம்பும்போது தாழ் போடச் சொன்னார்கள். நான் தாழ்ப்பாளை மட்டும் போட்டுவிட்டு வந்துவிட்டேன்! மலையாளத்தில் தாழ் என்றால் பூட்டு. அதைத் திறப்பது தாக்கோல். மறுநாள் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நம்மிடமும் திறவுகோல் இருக்கிறது, ஆனால் வாயில் வருவதென்னவோ போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சாவிதான். பூட்டு நம்முடையது, சாவி கப்பலில் வந்தது.

—

கதவில் பதித்த பூட்டு வேறு, கழற்றி எடுக்கிற பூட்டு வேறு அல்லவா? இரண்டாவதற்கு ஆமைப்பூட்டு என்று ஒரு பெயர் உண்டு. அகராதியில் பார்த்தபோது சிரிப்பு வந்தது. அப்புறம் மேசையில் கிடந்த பூட்டைத் திருப்பிப் பார்த்தேன். உப்பிய ஓடு மாதிரி உடம்பு. சரி, ஆமைதான்.

—

நான் மாட்டிக்கொண்டது தமிழ் வகுப்பில். பூட்டுவிற் பொருள்கோள் என்று ஆசிரியர் எழுதிப்போட்டதும், ஏதோ பூட்டு விற்கிற கதை என்று நினைத்தேன். நாணேற்றிய வில்லின் இரு முனையும் இணைவதுபோல, பாட்டின் கடைசிச் சொல் முதற்சொல்லோடு சேர்ந்து பொருள் தருவதாம். உதாரண வெண்பா 'திறந்திடுமின்' என்று தொடங்கி 'கதவு' என்று முடிகிறது. பூட்டுக்கு உதாரணம் கதவைத் திறக்கச் சொல்லும் பாட்டு!

அதிருக்கட்டும், அந்தச் சாவி கடைசியில் கிடைத்ததா?

—

எங்கே! கொண்டியைப் பெயர்த்துத்தான் மாட்டை வெளியே கொண்டுவந்தோம். அதன்பிறகு தாத்தா என்னிடம் "மாட்டை வண்டியில் கட்டு" என்றுதான் சொல்வார்.