கண்காட்சி நாளில் வந்தவர்களும் அவர்கள் கேட்டதும்: மாடல் ரயில் கிளப் அனுபவங்கள்

லங்காஷயரிலிருந்து:

"வீட்டிலேயே ஓட்டலாமே, கிளப் எதற்கு?" என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். வீட்டில் தடம் புரண்டால் விரலால் எடுத்து வைத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம், பார்த்தவர் யாரும் இல்லை. கண்காட்சி மண்டபத்தில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டம் நிற்கும். அதில் ஒருவராவது நிஜ ரயிலில் வேலை பார்த்தவராக இருப்பார். அவர் வாயைத் திறந்தால் நமக்கு வேலை வந்தது என்று அர்த்தம்.

எங்கள் கிளப் ஒரு பழைய பஞ்சாலையின் மேல்மாடியில் இருக்கிறது. இந்த நாட்டில் இது நெடுநாள் பழக்கம். லண்டனில் 1910இல் தொடங்கிய கிளப் இன்றும் நடக்கிறது. நாங்கள் அவ்வளவு பெரிய ஆட்கள் இல்லை, வாரம் ஒரு மாலை கூடுவோம். ஒருவருக்குச் சால்டரிங் தவிர வேறெதுவும் பிடிக்காது. இன்னொருவர் மரம், புல், கல்சுவர் என்று பச்சைப் பக்கமே இருப்பார். கால அட்டவணை போடுகிறவர் தனி, அவரோடு யாரும் வாதாடுவதில்லை. என் வேலை அடிப்பலகை, அதாவது தண்டவாளம், ஸ்டேஷன் எல்லாவற்றையும் தாங்கும் மரப்பலகை.

அடிப்பலகை யார் கண்ணிலும் படாது. ஆனால் கண்காட்சியில் லேஅவுட் (எல்லாம் சேர்ந்த முழு மாடல்) சொதப்பினால் பத்துக்கு ஒன்பது முறை காரணம் அங்கேதான். எங்களுடையது 4 அடிக்கு 2 அடி பலகைகள், 9 மில்லிமீட்டர் பிளைவுட். ஒவ்வொரு இணைப்பிலும் தண்டவாளம் வெட்டுப்பட்டிருக்கும். வேனில் ஏற்றி இறக்கும்போது அந்த வெட்டு முனைதான் அடி வாங்கும். அதனால் முனையில், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பருக்குப் பதில் செம்புத் தகடு ஒட்டிய ஸ்லீப்பர் வைத்து, தண்டவாளத்தை அதன் மேல் சால்டர் செய்துவிடுவோம். பலகையோடு பலகை சரியாக உட்காரப் பித்தளை முளையும் குழியும். போல்ட் இறுக்குவதற்கு மட்டும்தான், நேராக நிறுத்துவது முளையின் வேலை. இதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் புரிய வைப்பதற்குள் தொண்டை வறண்டுவிடும்.

அப்புறம் மண்டபத்தின் சூடு. வெள்ளிக்கிழமை இரவு குளிர்ந்து கிடந்த பள்ளிக்கூட ஹாலில் பொருத்திவிட்டு வருவோம். சனிக்கிழமை காலை ஹீட்டரைப் போட்டுவிடுவார்கள். வெப்பத்தில் தண்டவாளம் நீள்வது சிறிதளவுதான். காற்று உலர்ந்து மரம் சுருங்குவதுதான் பெரிய தொல்லை. இரவு ஒரு நூல் இடைவெளி இருந்த இடத்தில் மறுநாள் தண்டவாளங்கள் முட்டிக்கொண்டு நிற்கும்.

இப்படி ஒரு காலையில் முதல் மணி நேரம் முழுக்க ஒரே ஒரு கூட்ஸ் வேகன் திரும்பத் திரும்ப விழுந்தது. எல்லோரும் என் பலகையைத்தான் பார்த்தார்கள். சால்டரிங்காரர் மட்டும் வேகனைத் திருப்பி, இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவே கேஜை (இடைவெளி அளக்கும் கருவி) வைத்தார். 14.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அந்தச் சக்கரம் நெருங்கிக் கிடந்தது. யாரோ பரணிலிருந்து இறக்கிய பழைய சரக்கு. அதன்பின் கிளப்பில் ஒரு விதி வந்தது: கேஜில் தேறிய வண்டிக்கு மட்டும் அடியில் மஞ்சள் பொட்டு, பொட்டில்லாத வண்டி தண்டவாளத்தில் ஏறாது. தலைவரின் செல்ல இன்ஜினே ஒரு தடவை பெட்டிக்குள் திரும்பிப் போயிருக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. அதே கண்காட்சியில் மதியம் ஒரு பெரியவர் மகனோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "தம்பி தமிழா?" என்றார். விழுப்புரம்–தஞ்சாவூர் பாதையில் மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவராம். மகனைப் பார்க்க மான்செஸ்டர் வந்திருக்கிறார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இது என்ன கேஜ்? இங்கிலாந்து வண்டி மாதிரி இருக்கு, லைன் மட்டும் ஒடுங்கிப் போயிருக்கே" என்றார்.

அசந்துவிட்டேன். இங்கே பெரும்பாலோர் ஓட்டும் ஓஓ அளவில் வண்டி 1:76.2, தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 1257 மில்லிமீட்டர் வருகிறது. நிஜப் பாதையோ ஸ்டாண்டர்டு கேஜ், 1435. அதாவது மீட்டர் கேஜுக்கும் ஸ்டாண்டர்டு கேஜுக்கும் நடுவில் எங்கோ நிற்கும் ஒரு பாதை. இது பொறுக்காதவர்கள் 18.83 மில்லிமீட்டரில் தாங்களே பாதை போட்டுக்கொள்கிறார்கள். மற்றவர்கள் பழகிவிட்டோம். மீட்டர் கேஜிலேயே வாழ்ந்த கண்ணுக்கு மட்டும் அது உறுத்தியிருக்கிறது.

அடுத்த கேள்வி இன்னும் கூர்மை. "கடைசி வண்டியில விளக்கு எங்கே?"

எங்கள் ரயில்களில் பாதிக்கு டெயில் லாம்ப் இல்லை. அவர் விளக்கினார்: கடைசி வண்டியில் எல்.வி. (லாஸ்ட் வெஹிகிள்) போர்டும் விளக்கும் இருந்தால்தான் ரயில் முழுசாக வந்து சேர்ந்தது என்று அர்த்தம். இல்லாவிட்டால் நடு வழியில் பெட்டி கழன்று நிற்கலாம், பின்னால் இன்னொரு ரயிலை விடக்கூடாது. பக்கத்தில் நின்ற எங்கள் கிளப்பின் மூத்த உறுப்பினரிடம் இதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற சிக்னல்மேன். இதையே சொல்லிச் சொல்லி, யாரும் காது கொடுக்காமல் மனம் விட்டுப்போனவர். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெரியவரைக் கையோடு கயிற்றுக்கு உள்ளே அழைத்துப் போய்விட்டார்.

எங்கள் ஸ்டேஷனுக்கும் திரைக்குப் பின்னால் ரயில்களை நிறுத்தும் யார்டுக்கும் நடுவே பிளாக் பெல் உண்டு, ரயில் வருவதையும் போவதையும் மணியடித்துச் சொல்லும் கருவி. அலங்காரத்துக்கு வைத்தது, அவசரத்தில் யாரும் அடிப்பதில்லை. அன்று மதியம் இரண்டு பெரியவர்களும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்துகொண்டார்கள். ரயில் முழுசாக வந்து சேர்ந்ததற்கு இங்கிலாந்தில் இரண்டும் ஒன்றுமாக மணி அடிக்க வேண்டும், நம் ஊரில் நான்கு. முதல் சில ரயில்கள் அந்தக் குழப்பத்தில் போயின. பிறகு பேச்சே தேவைப்படவில்லை, மணியிலேயே எல்லாம் நடந்தது.

ஆனால் ரயில் குறைந்தது. மணி வராமல் எதுவும் நகராது, வந்த ரயில் போய்ச் சேராமல் அடுத்தது கிளம்பாது. இடையில் வெறும் ஸ்டேஷன்தான் தெரியும். குழந்தைகள் முணுமுணுத்தார்கள். கண்காட்சி நடத்துகிறவர் இரண்டு முறை வந்து, "எப்போதும் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார். எங்கள் கிளப்பிலேயே இதில் இரண்டு கட்சி. நான் மணிக் கட்சி. வட்டத்தில் ஓடும் ரயிலை ஐந்து நிமிடம் பார்க்கலாம். சிக்னல் இறங்குமா என்று காத்திருந்து பார்த்த ரயில்தான் நினைவில் நிற்கும். எதிர்க்கட்சிக்காரர்கள் டிக்கெட் விற்கிறவர்கள், அவர்கள் கவலை அவர்களுக்கு.

சிங்கப்பூரிலிருந்து:

டெயில் லாம்ப் கதை அருமை, அண்ணே. எங்கள் பிரச்சினை வேறு மாதிரி. அடுக்குமாடி வீட்டில் 4 அடிப் பலகையை எங்கே வைப்பது? அதனால் நாங்கள் ஓட்டுவது 'என்' (N) எனும் சின்ன அளவு, டி-ட்ராக் முறை. மேசைமேல் வைக்கும் சின்னச் சின்னப் பெட்டிகள், ஒற்றைப் பெட்டியின் நீளம் 308 மில்லிமீட்டர். தண்டவாளம் காட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக், அதன் முனையில் உள்ள கிளிப்பே பெட்டிகளைக் கோர்த்துவிடும். கட்டிலுக்கடியில் நாலைந்து பெட்டி அடங்கும். ஒருவர் வாய்ட் டெக் (அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளம்) செய்திருக்கிறார், இன்னொருவர் தஞ்சோங் பகார் ஸ்டேஷன். அதன்முன் எப்போதும் கூட்டம்தான். 2011 ஜூன் 30இல் கடைசி ரயில் போனபோது அங்கே நின்றவர்கள் தங்கள் போன் படங்களை எடுத்துக் காட்டுவார்கள்.

சமூக மன்றத்தில் ஒரு ஞாயிறு, டிஜிட்டல் முறையில் ஓட்டினோம். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பழைய முறையில் தண்டவாளத்தின் மின்னழுத்தம்தான் வேகம். டிசிசி எனும் இந்த டிஜிட்டல் முறையில் மின்சாரம் எப்போதும் முழுசாக இருக்கும், அதோடு சேர்ந்து செய்தி போகும், "3ஆம் எண் இன்ஜினே, மெதுவாகப் போ" என்று. ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வந்த செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளும். கடையிலிருந்து வரும்போது எல்லா இன்ஜினுக்கும் எண் 3தான்.

புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, எங்கள் கன்ட்ரோலர் மக்கர் செய்ததைப் பார்த்து, உதவியாக இருக்கட்டுமென்று வீட்டிலிருந்து தன் ஆரம்பநிலை செட்டைக் கொண்டுவந்து மாட்டினார். தன் இன்ஜினுக்கு 7 என்று எண் மாற்றினார். அந்தச் செட்டில் ஒரே ஒரு வெளியீடுதான், எண் மாற்றத் தனி இணைப்பு கிடையாது, எண் மாற்றும் செய்தியில் பெறுநர் பெயரும் இருக்காது. தண்டவாளத்தில் நின்ற அத்தனை இன்ஜினும் "நான்தான் 7" என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. குமிழைத் திருப்பியதும் ஷின்கான்சென், சரக்கு இன்ஜின், யார்டில் தூங்கிய ஷன்டர் (பெட்டிகளை நகர்த்தி அடுக்கும் சின்ன இன்ஜின்) எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. கூட்டத்தில் பலத்த கைதட்டல்! அதுதான் நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். எதிரெதிர் இரண்டு ரயில்கள் முட்டி நின்றதும் கைதட்டல் இன்னும் கூடியது.

பிறகு ஒவ்வொன்றையும் தனித் துண்டுத் தண்டவாளத்தில் வைத்துப் பழைய எண்ணைக் கொடுத்து முடிக்கும்போது மன்றத்தில் விளக்கை அணைக்க ஆரம்பித்துவிட்டார்கள். தம்பி நொந்துபோய் நின்றார். இப்போது அவர்தான் எங்கள் டிஜிட்டல் பொறுப்பாளர், எண் பட்டியல் அவர் கையில்.

அண்ணே சொன்ன அகலக் குறைவு எங்களுக்கு நேர்மாறு. ஜப்பானின் 1067 மில்லிமீட்டர்ப் பாதை வண்டிகளை 1:150இல் செய்து 9 மில்லிமீட்டர்த் தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள். கணக்குப்படி 7 மில்லிமீட்டர்தான் வர வேண்டும். உங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் வந்தால் "ஏன் இவ்வளவு அகலம்?" என்று எங்களைக் கேட்பார்.

கோவையிலிருந்து:

எங்களுக்குக் கிளப் கட்டடமெல்லாம் இல்லை. நாலைந்து பேர், ஒருவர் வீட்டு மொட்டைமாடி அறை. செய்துகொண்டிருப்பது நீலகிரி மலை ரயில், கல்லாறிலிருந்து மேலே ஒரு துண்டு. 1:87 அளவில் மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம். கணக்கு கிட்டத்தட்டச் சரியாக வருகிறது, யாரும் ஒடுங்கியது, அகன்றது என்று சொல்ல முடியாது!

ஏற்றம்தான் தலைவலி. நிஜத்தில் 12.5க்கு 1. ஒரு மீட்டர்ப் பலகையில் 8 சென்டிமீட்டர் ஏற வேண்டும். சாதாரண மாடல் இன்ஜின் அதில் சக்கரம் சுழன்று நின்றுவிடும். நிஜ ரயிலைப் போலவே, இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறத் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் வேண்டும். நல்ல வேளையாக ஸ்விட்சர்லாந்திலும் மீட்டர் கேஜ் பல்சக்கர ரயில்கள் இருக்கின்றன. நீலகிரியின் எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களை முதலில் கட்டியதே அங்குள்ள வின்டர்தூர் ஆலைதான். அந்த ஸ்விஸ் ரயில்களுக்கு ஜெர்மனியின் பெமோ நிறுவனம் இதே அளவில் மாடல் செய்கிறது. பல்சட்டமும் ஒரு பழைய மின்சார இன்ஜினும் வாங்கினோம். கஸ்டம்ஸ் கட்டிய தொகையை வீட்டில் சொல்லவில்லை.

எக்ஸ் வகை இன்ஜினின் உடலுக்குள் அந்த மோட்டார் அடங்காது. அதனால் மோட்டாரையும் பல்சக்கரத்தையும் பக்கத்துப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டோம். ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி, நீலமும் கிரீமும் பூசிய பெட்டி அது. தள்ளுவது பெட்டி, பெயர் இன்ஜினுக்கு.

பொங்கல் விடுமுறையில் அக்கம்பக்கத்தாருக்குத் திறந்து வைத்தோம். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சொன்னது ஒன்றுதான்: "இன்ஜினைப் பின்னாடி மாட்டிட்டீங்களே!" விளக்கிச் சொல்லி அலுத்துப்போனது. ஊட்டி போய் வந்தவர்களே சொன்னார்கள், ரயிலில் உட்கார்ந்து மலையைத்தான் பார்த்திருக்கிறார்கள் போலும். அப்போது ஒரு பள்ளிக்கூடப் பெண், சொந்த ஊர் குன்னூர், தன் மாமாவைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்: "பின்னாடி இல்ல மாமா, கீழ. இன்ஜின் எப்பவும் இறக்கத்துப் பக்கம்தான் நிக்கும். கொக்கி விட்டுப்போனாலும் பெட்டி உருண்டு போகாது." அப்புறம் பிரேக் போட ஆள் எங்கே என்று எங்களைக் கேட்டாள். பெட்டிக்குப் பெட்டி பிரேக்மேன் நின்று கொடி காட்டுவது உண்மைதானே. அடுத்த வாரம் முக்கால் அங்குல உயரத்தில் ஆட்கள் செதுக்க ஆரம்பித்தோம். நிஜ ஆளின் உயரத்துக்கு அதைவிட ஒரு பொடி கூடுதலாக வேண்டும், ஆனால் நம் ஆட்கள் கொஞ்சம் குனிந்துதான் நிற்பார்கள்.

இன்னொரு விருந்தாளி பல்லி. இரவில் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டுப் போகும். 12 வோல்ட் அதை ஒன்றும் செய்யாது. அது விட்டுப்போவதைத்தான் மறுநாள் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டியிருக்கிறது.

லங்காஷயர்க்காரர் மரம் சுருங்குவதைச் சொன்னார். இங்கே ஐப்பசி மழையில் ஊறி வீங்குகிறது, பங்குனியில் காய்கிறது. பல்சட்டம் இருப்பதால் ஒரு மயிரிழை விலகினாலும் பல் மேல் பல் ஏறிக் கடகடக்கிறது. வழி இருந்தால் சொல்லுங்கள் சார்.

லங்காஷயரிலிருந்து:

பிளைவுட்டின் மேல்பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்திருப்பீர்கள். அடிப்பக்கம், வெட்டு விளிம்பு, ஒயர் போகத் துளைத்த ஓட்டை என்று எல்லாவற்றுக்கும் வார்னிஷ் இரண்டு கோட் கொடுங்கள். ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறுவதால்தான் பலகை வளைகிறது. பல்சட்டத்தைப் பலகை இணைப்பின் மேல் கொண்டுபோக வேண்டாம், முடிந்தால் ஏற்றம் முழுவதையும் ஒரே பலகையில் அடக்குங்கள். முடியாவிட்டால் இணைப்பில் பல்சட்டத்தின் இரு முனையையும் பித்தளைத் தகட்டில் திருகி, அந்தத் தகட்டையே முளையோடு சேர்த்துவிடுங்கள். மரம் எப்படி அசைந்தாலும் பல்லுக்குப் பல் தூரம் மாறாது. அந்தக் குன்னூர்ப் பெண்ணை உங்கள் குழுவில் சேர்த்தாயிற்றா?