‘கிராஃப்ட்டிரைகாம்ஃப்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

செ: அன்பர்களே, ஜெர்மன் போட்டி விதிநூலின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்புச் சொல்லே முடிவாகவில்லை. ஸ்குவாட் (கம்பியைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்குவது) மூன்றும் சேர்ந்த எடைப் போட்டி இது. ஆங்கிலத்தில் பவர்லிஃப்டிங், நம் நாளிதழ்களில் ‘வலுதூக்குதல்’. அதையே வைக்கலாமா?

ம: வேண்டாம் ஐயா. தூக்குவது எடையை, வலுவை அல்ல. ஜெர்மன் சொல்லிலோ தூக்குதலே இல்லை. கிராஃப்ட் வலு, டிரை மூன்று, காம்ஃப் பொருதல். முதலில் டிரைகாம்ஃப் சேர்ந்து, அதன்முன் கிராஃப்ட் ஒட்டுகிறது. வலுவால் பொருதும் முப்போர்; மூன்றாம் வேற்றுமைத் தொகை. 1972 வரை ஒலிம்பிக் பளுதூக்குதலும் மூன்று வகையாக இருந்ததால் டிரைகாம்ஃப்தான். ஒன்றை நீக்கியதும் த்ஸ்வைகாம்ஃப், அதாவது இருபோர். ‘வலுமுப்போர்’ என்போம். மற்போர் இருக்கிறதே!

இ: மற்போரில் ஆளோடு ஆள் மோதுகிறான், இங்கே எதிரி இரும்பு. காம்ஃப் இலத்தீன் காம்புஸிலிருந்து வந்தது, பொருள் திறந்தவெளி. சாம்பியனும் அதே வேர். வெளி போராவது நமக்குப் புதிதா? ஏரோர் களவழி (உழவர் களம்), தேரோர் களவழி (போர்க்களம்) இரண்டையும் வெற்றியைப் பாடும் வாகைத் திணையில் வைத்தவர் தொல்காப்பியர். ‘வலுமுக்களம்’ என் பரிந்துரை.

செ: மூன்று மைதானமா என்று கேட்பார்கள் அம்மா. ‘முத்தூக்கு’ எளிதில் புரியுமே?

ம: புரியும், ஆனால் பிழையாகப் புரியும். பெஞ்சில் மல்லாந்து, கம்பியை மார்பில் இறக்கி அசையாமல் நிறுத்தி, நடுவர் சொன்னபின் தள்ளுவது தூக்கா? ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்பு முழங்கால் உச்சிக்குக் கீழே இறங்காவிட்டால் சிவப்பு விளக்கு. அங்கே தோற்பது இறக்கத்தில். ஒவ்வொன்றிலும் 3 வாய்ப்பு. ஏதேனும் ஒன்றில் மூன்றும் தவறினால் மொத்தக் கணக்கே கிடையாது. மூன்றும் சேர்ந்து ஒரே போட்டி என்பதுதான் சொல்லின் உயிர்.

இன்னொன்று, அவசரம்: வரைவில் டெட்லிஃப்ட்டின் ஜெர்மன் பெயரான கிராய்ட்ஸ்ஹேபன் ‘சிலுவைத் தூக்கு’ ஆகியிருக்கிறது. கிராய்ட்ஸ் என்றால் சிலுவைதான். ஆனால் கீழ்முதுகையும் அப்படியே சொல்வார்கள். இங்கே அந்த முதுகுதான். டெட்லிஃப்ட்டுக்குத் ‘தரைத்தூக்கு’ போதும்.

செ: மாற்றிவிட்டேன், நன்றி. நம் குழுவின் ஐவரில் மூவர், ‘போர்’ வேண்டாம், ‘வலுமுப்போட்டி’ என்கிறார்கள். அதையே இடுகிறேன், முதல் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ‘வலுதூக்குதல்’.

இ: என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். ‘போட்டி’ எதற்கும் பொருந்தும், கோலப்போட்டிக்கும். நாளை ஃப்யூன்ஃப்காம்ஃப் (ஐந்து சேர்ந்த போட்டி), த்ஸேன்காம்ஃப் (பத்து சேர்ந்த போட்டி) வரும்போது ஐங்களம், பதின்களம் என்று வரிசையாக நிற்கும். அப்போது மறுபடி எழுதுவேன்.