நாகர்கோவில் பக்கம் முதல் வாடகை வீடு: எங்கள் அனுபவங்கள்

ஆசாரிப்பள்ளத்திலிருந்து:

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் வரும் முதல் பேச்சு, "குடும்பப் புரையிடம் (வீட்டு மனை) சும்மாதானே கிடக்கு, ஒரு வீட்டைக் கட்டி வாடகைக்கு விடலாமே" என்பது. எங்கள் வீட்டிலும் வந்தது. கருங்கலுக்கு உள்ளே தள்ளி அப்பாவுக்கு 8 சென்ட் உண்டு. நிலத்துக்குக் காசு போட வேண்டாம். ஆனால் அங்கே எல்லாருக்கும் சொந்த வீடு இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளே பூட்டிக் கிடக்கின்றன. நம் வீட்டுக்கு யார் குடிவருவார்கள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. அதனால் நாகர்கோவில் பக்கம் தேடினோம். புதிதாக இறங்குகிறவர்கள் சொந்த நிலம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல், வீடு தேடி ஆட்கள் அலையும் இடம் எது என்று பாருங்கள். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, கோணத்தில் பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்துக்கும் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள்கூட நாகர்கோவிலில் குடியிருக்கிறார்கள்.

வீடு பார்க்கும் முன் வாடகைக்கு இருப்பவர்களிடம் பேசினேன். மருத்துவமனையில் வேலை செய்யும் ஒரு நர்ஸ் தங்கச்சி, "அக்கா, டைல்ஸ் எல்லாம் யார் கேட்டா? தண்ணி வருதா, ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்தா கேட் திறக்க யாரையாவது எழுப்பணுமா, அதுதான் முதல்ல" என்றாள். அவள் சொன்ன இரண்டையும் வைத்தே நாங்கள் பாதி வீடுகளைக் கழித்தோம். நாகர்கோவிலுக்கு முக்கடல் அணைத் தண்ணீர் வருகிறது, ஆனால் கோடையில் இடைவெளி விழும். அதனால் பங்குனி, சித்திரையில் போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். மழைக்காலத்தில் ஒருமுறையும் போகவேண்டும். வயலை நிரப்பிப் போட்ட பிளாட்டுகள் வெயில் காலத்தில் அழகாகத்தான் தெரியும். 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்டாலே உண்மை வந்துவிடும். விற்பவரும் புரோக்கரும் அதைச் சொல்லமாட்டார்கள்.

கடைசியில் அமைந்தது பழைய கான்கிரீட் வீடு, இரண்டு போர்ஷன். மூல ஆதாரம், அதாவது பழைய தாய்ப்பத்திரம், மலையாளத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால் பல குடும்பங்களில் இப்படித்தான். "வில்லங்கச் சான்று சுத்தமா இருக்கு, போதும்" என்றார் புரோக்கர். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் சான்று அது; ஆனால் ஆன்லைனில் எடுப்பது பழைய காலம் முழுவதையும் காட்டாது. மலையாளம் தெரிந்த பழைய பத்திர எழுத்தர் ஒருவரை உட்கார வைத்து வரிவரியாக வாசிக்கச் சொன்னோம். பின்பக்கத்து வீட்டுக்கு நம் மனை ஓரமாக நடைபாதை உரிமை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. விலையைக் குறைத்துப் பேச அது உதவியது.

இனி கணக்கு. விலை 42 லட்சம். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்து 3 லட்சத்து 78 ஆயிரம். இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து வாடகை 16,000. வருடம் 1 லட்சத்து 92 ஆயிரம் வந்தால், போட்ட பணத்துக்கு 4 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஒரு மாதம் காலியாகக் கிடந்தது, வீட்டு வரி, பெயின்ட், மோட்டார் பழுது எல்லாம் கழித்தால் அதற்கும் கீழே. இந்த வீட்டையே 30 லட்சம் கடனில், 9 சதவீத வட்டியில், 20 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 27,000. வாடகை கடனை அடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பேப்பரும் பேனாவும் எடுத்து நீங்களே எழுதிப் பாருங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்கவேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஊர் வழக்கம் வேறு என்று உறவினர்கள் சொன்னார்கள், நாங்கள் மூன்று மாதம்தான் வாங்கினோம். போர்ஷனுக்கு ஒரு கரண்ட் மீட்டர் வைத்ததால் பில் சண்டையே இல்லை.

தக்கலைக்காரர், இப்போது மஸ்கட்டில்:

அக்கா சொன்னதோடு வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். வீட்டுக்காரர் என்ஆர்ஐ (வெளிநாட்டில் வாழும் இந்தியர்) என்றால், வாடகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் குடியிருப்பவர் அதில் 30 சதவீதமும் அந்த வரியின் மேல் செஸ்ஸும் வருமான வரியாகப் பிடித்துக் கட்டவேண்டும். அதற்கு அவர் டான் எண் (வரி பிடித்துக் கட்டுகிறவருக்கான எண்) எடுக்கவேண்டும். என் வீட்டில் இருக்கும் ஆசிரியருக்கு இது தெரியாது, நான்தான் ஆடிட்டரை வைத்துச் செய்து கொடுத்தேன். வாடகையில் வீட்டு வரி போக மிச்சத்தில் 30 சதவீதம் கழிவு உண்டு, அதனால் ரிட்டர்ன் போட்டால் ஒரு பங்கு திரும்பி வரும். பணம் என்ஆர்ஓ கணக்கில் (இந்திய வருமானத்துக்காக என்ஆர்ஐ வைக்கும் வங்கிக் கணக்கு) விழட்டும். ஊரில் தம்பிக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்தபோது வாடகை வாங்கவும் பழுது பார்க்கவும் மட்டும் எழுதினேன், விற்கும் உரிமை சேர்க்கவில்லை. தம்பி மேல் சந்தேகம் இல்லை. நாளைக்கு நாங்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசவேண்டும், அதற்காக.

குளச்சலிலிருந்து:

கடலோரத்தில் பழைய வீடு வாங்குகிறவர்கள் சீலிங்கைத் தட்டிப் பாருங்கள். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து விரிந்து, கான்கிரீட்டைத் தள்ளிவிடும். வெளியே தெரியாது, தட்டினால் பொக்கென்று சத்தம் வரும். விற்பதற்கு முன்னால் புதுசாகப் பூசி பெயின்ட் அடித்த சீலிங் என்றால் இன்னும் கவனம். ஜன்னல் கம்பி, கேட் எல்லாம் வருடாவருடம் பெயின்ட் கேட்கும், அந்தச் செலவை வாடகையில் முதலிலேயே கழித்துவிடுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:

அக்கா, என்னிடம் அவ்வளவு பணம் இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு. மேலே மாடி கட்டி விடலாமா?

ஆசாரிப்பள்ளத்திலிருந்து:

தாராளமாகச் செய்யலாம் தம்பி, உங்கள் இடத்துக்கு அதுதான் நல்ல தொடக்கம், நிலச் செலவே இல்லை. முதலில் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டு, அஸ்திவாரம் இன்னொரு மாடியைத் தாங்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிளான் அப்ரூவல் வாங்கியபிறகு வேலையைத் தொடங்குங்கள். மாடிப்படி வெளியே இருக்கட்டும், தண்ணீர் டாங்கும் மீட்டரும் தனி. அம்மா அப்பா கீழே இருக்கிறார்கள் என்றால் யாரைக் குடிவைப்பது என்று அவர்களையும் கேட்டு முடிவு செய்யுங்கள், தினமும் முகம் பார்க்கப் போவது அவர்கள்தான்.