1993 ஆர்.எக்ஸ்-7: வேகம் வேண்டாம், நம்பி ஓட வேண்டும். எதை முதலில் மாற்றுவது?

உப்புவெளி வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் பெரிய மாமா பல ஆண்டுகள் வைத்திருந்த 1993ஆம் ஆண்டு மஸ்டா ஆர்.எக்ஸ்-7, எஃப்.டி. வகைக் கார், இவ்வாண்டு மாசி மாதம் என் கைக்கு வந்தது. பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் சுழலும் 13பி ரோட்டரி எஞ்சினும், ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் இரண்டு டர்போக்களும் கம்பனி பூட்டியபடியே இருக்கின்றன. கொழும்பிலுள்ள நண்பர்கள் பெரிய இன்டர்கூலர், பூஸ்டை (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை) கூட்டும் கருவி, திறந்த சைலன்சர் என்று ஒரு பட்டியலைத் தந்துள்ளார்கள். ஆனால் 255 குதிரைவலு எனக்குத் தாராளமாகப் போதும். ஹபரணை வரை போய்த் திரும்புகையில், கந்தளாய்க்கு அப்பால் யானைகள் வீதியைக் கடக்கும் இடத்தில் கார் நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஆனி மாதம் கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு பிற்பகலில், தம்பலகாமச் சந்தியைத் தாண்டி வந்துகொண்டிருந்தபோது வெப்பமானியின் முள் வழக்கம்போல நடுவில்தான் நின்றது. வீட்டுக்கு வந்து பொனற்றைத் திறந்தால் கூலண்ட் ஆவியாகப் பீறிட்டுக்கொண்டிருந்தது. காட்டிய கராஜில், முள் நடுவில் நின்றதால் பயமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. கையில் பணம் அதிகம் இல்லாத நிலையில் எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

உவர்மலை ரோட்டரி எழுதியது:

தம்பி, உங்கள் மனதுக்கு ஒப்பாதது சரிதான். இந்தக் காரின் வெப்பமானி, தண்ணீரின் சூடு ஓரளவு ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. அது நடுவை விட்டு எழும்பும் நேரத்தில் கேடு நடந்து முடிந்திருக்கும். ஆகவே, பாகையை இலக்கமாகக் காட்டும் தனி வெப்பமானி ஒன்றை முதலில் பூட்டுங்கள்.

ரோட்டரி எஞ்சினுக்குச் சூடு ஏன் இவ்வளவு பகை என்பதை விளங்கிக்கொண்டால், மற்ற வேலைகளின் வரிசை தானாகத் தெரியும். ரோட்டர் சுழலும் கூடு அலுமினியம், அதன் இருபுறமும் உள்ள தகடுகள் வார்ப்பிரும்பு. இரண்டும் சூட்டில் வேறுவேறு அளவில் விரிகின்றன. அவற்றுக்கு நடுவே தண்ணீரைத் தடுத்து நிற்பது மெல்லிய ரப்பர் சீல். ஒரே ஒரு தடவை கடுமையாகச் சூடேறினாலும் அந்தச் சீல் கருகி, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகையும் காரணம் தெரியாத கூலண்ட் குறைவும் தொடங்கிவிடும். அதை மாற்ற எஞ்சினை முழுவதுமாகப் பிரிக்க வேண்டும்.

கூலண்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் சிறு பிளாஸ்டிக் தொட்டி ஒன்று உங்கள் காரில் இருக்கும். இத்தனை ஆண்டுச் சூட்டில் அது உக்கி, பொருத்து வழியே வெடிப்பது மிகச் சாதாரணம். அலுமினியத் தொட்டி மலிவு. ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகளும் பிளாஸ்டிக்தான் என்பதால், பணம் சேர்ந்தவுடன் முழு அலுமினிய ரேடியேட்டருக்கு மாறுங்கள். காரிலுள்ள விசிறிகள் தண்ணீர் 105 பாகையளவுக்குச் சூடேறிய பிறகுதான் எழும்புகின்றன. ஜப்பானின் குளிருக்கு அது போதும், நமது ஆனி ஆடிக்குப் போதாது. 95 பாகையில் இயங்கும் சுவிட்ச் பூட்டினால் டவுனுக்குள் ஊர்ந்து போகும்போது பெரும் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, முன்புறத்தின் அடித்தட்டு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஒயில் மாற்றும்போது கழற்றியவர்கள் திரும்பப் பூட்டாமல் விடுவது வழக்கம். அது இல்லாவிட்டால் முன்வாய்க்குள் நுழையும் காற்று ரேடியேட்டரை ஊடுருவாமல் கீழ்வழியே நழுவிப் போய்விடும்.

சீனக்குடா ஒயில் எழுதியது:

மேலே அண்ணன் எழுதியதுடன் முழுமையாக உடன்படுகிறேன். நான் பெற்றோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த எஞ்சினை ஜப்பானியர் தங்கள் நாட்டின் ஏறத்தாழ 100 ஒக்டேன் பெற்றோலை மனதில் வைத்துச் சரிசெய்தார்கள். இங்கே 92ஐ இந்தக் காருக்கு ஒருபோதும் ஊற்றாதீர்கள். 95 ஊற்றினாலும் பூஸ்டைக் கூட்ட நினைக்காதீர்கள். பெற்றோல் தன் நேரத்துக்கு முன்னரே வெடித்தால் ரோட்டரின் நுனியிலுள்ள ஏபெக்ஸ் சீல் உடையும். உடைந்த துண்டு புகைவழியே போய் டர்போவின் சக்கரத்தையும் சிதைத்துவிடும். நண்பர்கள் சொன்ன திறந்த சைலன்சரும் இதே ஆபத்தைத்தான் கொண்டுவரும், ஏனெனில் புகை தடையின்றி வெளியேறும்போது பூஸ்டை மட்டுப்படுத்தும் கம்பனி வால்வான வேஸ்ட்கேட் சமாளிக்க முடியாமல் பூஸ்ட் தானாக ஏறும்.

ஆயினும் புகைவழியில் ஒரு மாற்றம் நன்மை தரும். டர்போக்களை ஒட்டி முதலாவதாக இருக்கும் புகையைச் சுத்திகரிக்கும் சிறிய கெட்டலிடிக் பெட்டி செந்தணலாகச் சூடேறி, பொனற்றுக்குள் உள்ள ரப்பர் எல்லாவற்றையும் வறுத்தெடுக்கிறது. அதற்குப் பதிலாக வெறும் குழாய் ஒன்றைப் பூட்டி, பின்னாலுள்ள பெரிய பெட்டியை அப்படியே விடுங்கள். புகைப் பரிசோதனைக்கும் அது வேண்டும், பூஸ்டும் கட்டுக்குள் நிற்கும். அதன் பிறகும் பூஸ்ட் மானியில் 0.7 பாருக்கு மேல் முள் தாண்டுகிறதா என்று கவனித்து வாருங்கள்.

இந்த எஞ்சின் சீல்களை நனைப்பதற்காகத் தானே சிறிது ஒயிலை எரிப்பது. ஒயில் குறைகிறதே என்று கலங்காமல், ஒவ்வொரு முறை பெற்றோல் அடிக்கும்போதும் அளவுகோலைப் பாருங்கள். நான் 10 லீற்றர் பெற்றோலுக்கு 50 மில்லிலீற்றர் டூ ஸ்ட்ரோக் ஒயிலும் கலக்கிறேன். நம் மீனவர்கள் படகு எஞ்சினுக்கு வாங்கும், சாம்பல் விடாத அதே வகைதான்.

நிலாவெளிக் கம்பி எழுதியது:

நான் வரிசையை மாற்றச் சொல்வேன். எரிபொருள் குழாயின் நுனியில், பெற்றோலின் துடிப்பை அடக்கும் சிறிய உலோகக் குமிழ் ஒன்று இருக்கிறது. அதனுள் இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்தால் சூடான எஞ்சின்மேல் பெற்றோல் சொட்டும். இந்த வகைக் கார்கள் தீப்பற்றியதற்கு அது ஒரு முக்கிய காரணம். வெப்பமானிக்கும் முன்னரே அதை மாற்றுங்கள்.

அதை அடைய இன்டேக்கின் மேற்பகுதியைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றிய கையோடு, கீழே சிலந்திவலைபோல் ஓடும், டர்போக்களைக் கட்டுப்படுத்தும் வாக்குவம் குழாய்கள் அத்தனையையும் சிலிக்கோன் குழாய்களாக மாற்றிவிடுங்கள். ஒன்று வெடித்தாலும் இரண்டாவது டர்போ நிமிடத்துக்கு 4,500 சுற்றில் எழும்பாமல் போகலாம். உப்புவெளிக் காற்றுக்கு எர்த் வயர் முனைகளும் பச்சை பிடித்திருக்கும், சுரண்டிப் பூட்டுங்கள்.

எதற்கும் முன், ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியே காட்டும் ரோட்டரிக் கருவியால் கம்ப்ரஷன் (எஞ்சினுக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம்) பாருங்கள். சாதாரணக் கருவி இதற்கு உதவாது. 250 சுற்றில் சதுர சென்ரிமீற்றருக்கு 7.0 கிலோவுக்குக் கீழே இருந்தால் இந்தப் பணத்தை எஞ்சின் திருத்தத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கொழும்பிலிருந்து கருவி கொண்டுவந்த ஒருவர் நேற்றுப் பார்த்தார். முன் ரோட்டரில் 7.8, 7.7, 7.8, பின் ரோட்டரில் 7.5, 7.4, 7.5. காலையில் வெள்ளைப் புகையும் இல்லை. பீறிட்டது பிளாஸ்டிக் தொட்டியின் பொருத்து வழியேதான். விரலால் அழுத்தினால் வெடிப்புத் தெரிகிறது. எரிபொருள் குமிழ், வாக்குவம் குழாய்கள், அலுமினியத் தொட்டி, வெப்பமானி ஆகிய நான்குக்கும் இன்று சொல்லிவிட்டேன். ரேடியேட்டர் அடுத்த ஆண்டு. அதுவரை பகலில் கந்தளாய்ப் பக்கம் கொண்டுபோக மாட்டேன்.

உவர்மலை அண்ணா, அடித்தட்டு காரில் இல்லை. மாமாவிடம் கேட்டேன். அவருடைய கொட்டிலில் தேங்காய்ச் சாக்குகளுக்குப் பின்னால், ஆணியொன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒயில் மாற்றக் கழற்றியதாம்.