மெல்லிய பிட்டும் அடாப்டரும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

அன்னூர், பம்ப் பேனல் வேலை

வணக்கமுங்க. பேட்டரி டிரில்லில் ஸ்க்ரூ முடுக்கும் மெல்லிய பிட் போட்டு வேலை செய்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள். புதிதாகத் தொழிலுக்கு வருகிற பையன்களுக்கு உதவும்.

போன சித்திரையில் ஒரு வாழைத் தோட்டம். போர்வெல் ஸ்டார்டர் பெட்டிக்குள் கான்டாக்டர், அதாவது மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச், தீய்ந்து கிடந்தது. டெர்மினல் ஸ்க்ரூ லூசாகி, சூடு ஏறி, வயர் நுனி கருகி, பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. புதுசு ஒன்று வாங்கிக்கொண்டுதான் போயிருந்தேன். தோட்டத்துக்காரர் பக்கத்திலேயே நின்றார். "மூணு பேஸு வர்றதுக்குள்ள முடிச்சுப்போடுவீங்களா தம்பி? கன்னு வாடுதுங்க, இன்னைக்கே தண்ணி பாய்ச்சோணும்" என்றார்.

இப்போது வருகிற கான்டாக்டர்களில் விரல் படக்கூடாது என்று டெர்மினல் ஸ்க்ரூவைக் குழிக்குள் இறக்கி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் டிரில்லில் இருந்தது காந்த ஹோல்டரும் 25 மில்லி குட்டை பிட்டும். ஹோல்டரின் வெளிவிட்டம் பத்து மில்லிக்கு மேல். குழி வாயிலேயே நின்றுவிட்டது. சரி என்று, பையில் கிடந்த 4 மில்லி வால் பிட்டை (வால் என்பது டிரில்லில் செருகும் பக்கம்), மெல்லிய வாலைப் பெரிய வாயில் பொருத்தும் அடாப்டரில் செருகி டிரில்லில் மாட்டினேன். அது சுலபமாக உள்ளே போனது. இரண்டு ஸ்க்ரூ நன்றாக ஏறியது. மூன்றாவதில் டக் என்று ஒரு சத்தம். பிட்டின் நுனி முறிந்து ஸ்க்ரூ தலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. குறடு போகாது, காந்தம் போட்டும் வரவில்லை. கடைசியில் அந்தப் புதுக் கான்டாக்டரைக் கழற்றிவிட்டு, அன்னூருக்கு வண்டியை விரட்டி இன்னொன்று வாங்கி வந்தேன். நான் திரும்பி வருவதற்குள் மூன்று பேஸ் கரண்ட் வந்து, போயும் விட்டது. அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. வாழைக்கன்றுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று ராத்திரி வெர்னியரை எடுத்து எல்லாவற்றையும் அளந்தேன். நாம் கால் இன்ச் பிட் என்று சொல்வது அறுகோணத்தின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 6.35 மில்லி. ஆனால் மூலைக்கு மூலை அளந்தால் 7.33 மில்லி. என் கான்டாக்டரின் குழி சரியாக 7 மில்லி. நுனி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் உடம்பு அறுகோணமாகவே கீழே வரை வந்தால் அந்தக் குழியில் இறங்கவே இறங்காது. 4 மில்லி வால் என்றால் மூலைக்கு மூலை 4.6தான், அதனால் இறங்கியது. ஆனால் கம்பியின் முறுக்குத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிக் கணக்கில் குறையும். கணக்குப் போட்டால் 4 மில்லிக்கு 6.35 மில்லியின் கால் பங்கு பலம்தான் வருகிறது. நாலு மில்லி டெர்மினல் ஸ்க்ரூவுக்கு வேண்டியது 1.2 நியூட்டன் மீட்டர். என் 12 வோல்ட் டிரில் அதிகபட்சமாகத் தருவது 30. வைத்த முறுக்கில் நிறுத்துகிற கிளட்ச்சை, அவசரத்தில், நிறுத்தாமல் சுற்றும் டிரில் படம் போட்ட இடத்திலேயே விட்டிருந்தேன். பிட் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த ஸ்க்ரூ தலையில் கூட்டல் குறிக்கு நடுவே சாய்வாக நாலு சின்னக் கோடு இருந்தது. அது போஸிடிரைவ், பிஇசட் 2. கடையில் 'ஸ்டார் பிட்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பிலிப்ஸ், பிஎச் 2. போஸிடிரைவ் தலையில் பிலிப்ஸ் உட்காரும், ஆனால் ஆடும். ஆடுகிற பிட் நுனியில்தான் முறியும்.

இப்போது பையில் வைத்திருப்பது ஒரே துண்டாக வரும் 100 மில்லி நீள பிட். வால் 6.35, அதனால் சக்கில் நேராக மாட்டும். கழுத்திலிருந்து நுனி வரை உருட்டாக மெலிந்து 5 மில்லிக்குள். அடாப்டரே வேண்டாம். உங்களுக்கு எப்படி?

திருப்பூர், தையல் மிஷின் மெக்கானிக்

நல்ல விஷயம் எடுத்தீங்கண்ணா. எனக்கு நடந்தது வேறு மாதிரி.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக், பிளாட்லாக் எல்லாம் பெரும்பாலும் ஜப்பான் மிஷின்தான். ஸ்க்ரூ தலையில் கூட்டலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது ஜப்பான் அளவு. நம்மூர் பிலிப்ஸ் அதில் அடிவரை இறங்காது. விசை கொடுத்தால் மேலே ஏறிக்கொண்டு வந்து தலையை மழுக்கிவிடும். பத்து வருடம் பழகிய ஸ்க்ரூ என்றால் எண்ணெயும் நூல் பஞ்சும் சேர்ந்து இறுகியிருக்கும், ஒரு தடவை வழுக்கினாலே முடிந்தது. நான் குழியை முதலில் ஊசியால் சுரண்டிச் சுத்தம் பண்ணாமல் பிட்டை வைப்பதே இல்லை.

அடாப்டர் கதைக்கு வருகிறேன். ஒரு ஏற்றுமதி ஆர்டர் நேரம், லைன் நின்றுவிட்டது. வேகமாகக் கவர் பிளேட்டைக் கழற்ற 25 மில்லி பிட்டை பேட்டரி ஸ்க்ரூ டிரைவரின் வாயில் நேராகவே மாட்டினேன். அந்த வாய்க்குள் குண்டு இருக்கும், அது பிட்டின் பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும். 25 மில்லி குட்டை பிட்டில் சுற்றிவரப் பள்ளமே கிடையாது, மூலைகளில் மட்டும் சின்ன வெட்டு இருக்கும். அதனால் பூட்டவில்லை. டிரைவரை எடுத்தேன், பிட் ஸ்க்ரூவிலேயே ஒட்டி நின்று, அப்புறம் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்தது. அதை எடுக்க எண்ணெயை முழுக்க வடிக்க வேண்டியதாயிற்று. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் 50 மில்லிக்கு மேல், சுற்றிப் பள்ளம் வெட்டின பிட் மட்டும்தான் டிரைவரில் நேராக மாட்டுவது. அதிலும் ஒரு சங்கதி இருக்குதுங்க. ஜப்பான் சந்தைக்கென்று செய்கிற பிட்டில் வால் நுனியிலிருந்து பள்ளம் வரை 13 மில்லி. மற்ற நாடுகளுக்கு வருவதில் 9 மில்லி. இரண்டும் பார்வைக்கு ஒன்றே போல இருக்கும், மாட்டும்போது ஒன்று பூட்டும், ஒன்று பூட்டாது. கடைக்கு டிரைவரையே கையில் எடுத்துக்கொண்டு போய் மாட்டி இழுத்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

கோவை கணபதி, லேத் பட்டறை

அண்ணா, நான் ஒரு தப்புப் பண்ணினேன், மற்றவர்கள் பண்ண வேண்டாம். மெல்லிய கழுத்து பிட் வாங்க வேண்டாம், நம்மிடம் கிரைண்டர் இருக்கிறதே என்று சாதாரண நீள பிட்டைப் பெஞ்ச் கிரைண்டரில் பிடித்து நானே மெலிதாக்கினேன். பார்க்க அழகாக வந்தது. கழுத்து மட்டும் நீல நிறம் ஏறியிருந்தது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. மாட்டிச் சுற்றினால் பிட் முறியவில்லை, கம்பி போல முறுக்கிக்கொண்டது. நீலம் ஏறினால் 300 டிகிரி பக்கம் சூடு போயிருக்கிறது என்று அர்த்தம். கம்பெனியில் பதப்படுத்தின கடினம் அந்த இடத்தில் இறங்கிப் போச்சு. கட்டாயம் பண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் கூலன்ட் ஊற்றி, உருட்டு கிரைண்டிங்கில், கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

கோபிசெட்டிபாளையம், மிக்சி லேப்டாப் சர்வீஸ்

கணபதி தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் கடையில் கதை நேர் எதிர்ங்க, எனக்கு 4 மில்லி பிட்தான் தினமும் சோறு போடுகிறது. பேனா மாதிரி சின்ன பேட்டரி டிரைவர், அதற்கு 28 மில்லி நீள 4 மில்லி பிட்டுகள். லேப்டாப்புக்கும் போனுக்கும் அதுவே போதும். தொல்லை வருவது மிக்சிக்கு. அடித்தட்டு ஸ்க்ரூக்கள் நாலு விரல் ஆழக் குழியில் இருக்கும். சின்ன டிரைவர் எட்டாது.

ஒரு நாள் எட்டவேண்டும் என்பதற்காக நீட்டிப்புக் கம்பி, அதன் மேல் ஒரு அடாப்டர், அதற்குள் 4 மில்லி பிட் என்று மூன்றை அடுக்கினேன். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். மூன்றும் சேர்ந்தபோது பிட்டின் நுனி வட்டம் போட்டது. மிக்சியில் அது பரவாயில்லை. அதே அடுக்கை, மாற்றச் சோம்பல்பட்டு, ஒரு கல்லூரிப் பிள்ளையின் லேப்டாப்பிலும் பயன்படுத்திவிட்டேன். அதுவும் பெரிய டிரில்லில். மூடியை மாட்டும்போது ஸ்க்ரூ நிற்கிற இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே போனது. பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை நட்டு விட்டுக்கொண்டது. ஒரு சிட்டிகை அளவு நட்டு அது. கீல் பக்கத்து மூலை என்பதால் மூடி திறக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வாய் பிளந்தது.

அந்தப் பிள்ளை, "பரவாயில்லைங்கக்கா, டேப் ஒட்டிக்கறேன்" என்று சொன்னாள். நான் விடவில்லை. எபாக்சி வைத்து, ராத்திரி முழுக்கக் கிளாம்ப் போட்டு, நட்டைப் பழையபடி உட்கார வைத்துத்தான் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை.

இப்போது ஒரு இணைப்புக்கு மேல் போடுவதில்லை. மிக்சிக்குத் தனியாக 150 மில்லி ஒரே துண்டு பிட். லேப்டாப்பில் டிரைவர் ஓட்டிக் கழற்றும், மாட்டும்போது கடைசி அரைச் சுற்று என் கைதான்.

தாராபுரம், சோலார் வேலை

அக்கா சொன்ன 'ஒரு இணைப்பு' எங்கள் வேலையில் உயிர்ப் பிரச்சினை. விளக்கமாகச் சொல்கிறேன்.

சோலாரில் பேனலிலிருந்து வருகிற டிசி கரண்டை, வெயில் அடிக்கிற வரை, அதன் மூலத்திலேயே நிறுத்த வழியில்லை. ஐசொலேட்டரை, அதாவது லைனைப் பிரிக்கும் சுவிட்சை, அணைத்தாலும் அதற்கு முன்னால் இருக்கிற வயரில் வோல்டேஜ் நிற்கும். பெரிய இடங்களில் அது 600, 800 என்று இருக்கும். அதனால் இன்சுலேஷன் போட்ட மெல்லிய பிட் வாங்கினேன். நுனிக்குக் கிட்டே வரை பிளாஸ்டிக் உறை, இரட்டை முக்கோணக் குறி, 1000 வோல்ட் என்று அச்சு. ஐஇசி 60900 என்கிற தரம் அது, ஏசிக்கு 1000, டிசிக்கு 1500 வரை கணக்கு. உறையையும் சேர்த்தே மெல்லிசாகச் செய்திருப்பதால் எம்சிபி குழிக்குள் அழகாக இறங்கும்.

அந்த பிட்டின் வால் 6.35 இல்லை, 6 மில்லி. அந்தக் கம்பெனியின் சொந்தக் கைப்பிடிக்கும் சொந்த டிரைவருக்கும் செய்தது. எனக்கு அது தெரியாது. என் சாதாரண டிரைவரில் மாட்டினால் லொடலொடவென்று ஆடியது. கடைக்காரர் ஒரு அடாப்டர் கொடுத்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. நானும் சந்தோஷமாகப் பெட்டிக்குள் கையை விட்டேன்.

அந்த அடாப்டர் முழுக்க மொட்டை இரும்பு. மூன்று சென்டிமீட்டர் நீளம் வெளியே தெரிகிறது. அதற்குப் பின்னால் டிரைவரின் சக்கும் இரும்பு. நான் ஃபியூஸ் டெர்மினலில் பிட்டை வைத்திருக்கும்போது அடாப்டர் பக்கத்து டெர்மினல் கட்டையின் மேல் சாய்ந்தது. பளீரென்று ஒரு பொறி. டிசி பொறி ஏசி மாதிரி டப்பென்று அணையாது, இழுத்துக்கொண்டே நிற்கும். கையைப் பின்னால் இழுத்ததால் தப்பித்தேன். அடாப்டரின் விளிம்பில் நெல்மணி அளவுக்கு இரும்பு உருகிப் போயிருந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். புதுப் பையன்கள் வேலைக்கு வந்தால் முதல் நாள் அதைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்வேன்.

பிட்டின் மேல் 1000 வோல்ட் என்று போட்டிருப்பது, அதற்கென்றே செய்த கைப்பிடியோடு சேர்த்துத்தான். நடுவில் அடாப்டர் வந்தால் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை. அடாப்டர் போட்ட மெல்லிய பிட்டைக் கரண்ட் இல்லாத இடத்தில், டெஸ்டரால் பார்த்து உறுதி பண்ணின பிறகு பயன்படுத்துங்கள். அங்கே அது அருமையான சாமான்.

பெருந்துறை, அப்ரண்டிஸ்

அண்ணா, ஒரு சந்தேகம் கேட்கலாமுங்களா? எங்கள் மில்லில் இம்பாக்ட் டிரைவர்தான் கொடுத்திருக்கிறார்கள். மெல்லிய பிட்டை அதில் போடலாமா?

அன்னூர், பம்ப் பேனல் வேலை

தம்பி, டெர்மினல் ஸ்க்ரூவுக்கு இம்பாக்ட்டை எடுக்கவே எடுக்காதே. அது உள்ளே சுத்தியல் அடித்து அடித்துச் சுற்றுவது. நூறு நியூட்டன் மீட்டருக்கு மேல் சர்வ சாதாரணமாகப் போகும், இந்த அளவு போதும் என்று நிறுத்துகிற கிளட்ச்சும் பெரும்பாலானவற்றில் இல்லை. மெல்லிய கழுத்து முதல் அடியிலேயே போகும், போகாவிட்டால் டெர்மினலின் மரை போகும். கூரைத் தகடு, ஆங்கிள் சட்டம் அதற்குச் சரி. மில்லில் கேட்டு ஒரு 3.6 வோல்ட் சின்ன டிரைவர் வாங்கித் தரச் சொல். ஐந்து நியூட்டன் மீட்டர் பக்கம்தான் வரும், கிளட்ச்சைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். நம் வேலைக்கு அது தாராளம்.

தாராபுரம் தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். என்னிடமும் அப்படி ஒரு அடாப்டர் கிடந்தது. பெட்டியிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன்.

நேற்று அதே வாழைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன், இந்தத் தடவை, மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் நிறுத்துகிற ஓவர்லோடு ரிலே மாற்ற. மெயினை இறக்கி, மூன்று பேஸையும் டெஸ்டரால் தொட்டுப் பார்த்து, 100 மில்லி பிட்டைச் சின்ன டிரைவரில் மாட்டினேன். ஸ்க்ரூ ஓடி நின்ற இடத்தில் டிரைவரை எடுத்துவிட்டு, கைத் திருப்புளியால் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தேன். வயரை இழுத்துப் பார்த்தேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. பெரியவர் வந்து எட்டிப் பார்த்து, "அதுக்குள்ளயா?" என்றார். மோட்டாரைப் போட்டதும் குழாயில் முதலில் காற்று, அப்புறம் செந்தண்ணி, அப்புறம் தெளிந்த தண்ணி வந்தது. ஒரு தார் வாழை கொடுத்துத்தான் அனுப்பினார்.

திருப்பூர் தம்பி, அந்த 13 மில்லி பள்ளம் பிட் உங்களிடம் இருந்தால் டிரைவரின் வாயோடு சேர்த்து ஒரு போட்டோ போடுங்கள். என் புது டிரைவரில் எது பூட்டும் என்று பார்க்க வேண்டும்.