யார்க்ஷயர் கடற்கரையில் ஓர் ஆவணி ஞாயிறு

வாட்ஸ்அப் குழு: வடசேரி வீடு (நேரங்கள் இங்கிலாந்துப்படி)

சனிக்கிழமை

நான், 13:05
நாளைக்கு அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ராபின் ஹூட்ஸ் பே போகிறோம். லீட்ஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். விட்பி என்ற துறைமுக ஊருக்குத் தெற்கே, செங்குத்தான சரிவில் கடலைப் பார்த்து இறங்கும் பழைய மீன்பிடிக் கிராமம். மத்தியானச் சாப்பாடு கடலோரப் பப்பில். சண்டே ரோஸ்ட், அதாவது சுட்ட கறியும் உருளைக்கிழங்கும் காய்களும்!

சித்தி, 13:09
பப் என்றால் பார்தானே? அக்காவையும் அத்தானையும் அங்கேயா கூட்டிக்கொண்டு போகிறாய்?

அப்பா, 13:11
நானும் காலையிலிருந்து அதைத்தான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக எதற்கு அந்த மாதிரி இடம்?

நான், 13:16
அப்பா, நம் ஊர்க் கடையை மனதில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம்தான் பப். ஊராருக்கான வீடு. பியர் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு மத்தியானம் அங்கே பாட்டி தாத்தா முதல் கைக்குழந்தை வரை குடும்பம் குடும்பமாகச் சாப்பிட வருவார்கள். நாய்கூட மேசைக்கடியில் படுத்திருக்கும். வந்து பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் உடனே வெளியே வந்துவிடலாம்.

அம்மா, 13:20
நாளை ஆவணி ஞாயிறு மக்களே. நம் நாகர்கோவிலில் பாம்புத் தெய்வம் நாகராஜாவுக்கு விசேஷ நாள், கோவிலுக்குத்தான் போக முடியவில்லை. நான் சைவம்தான் சாப்பிடுவேன். முட்டையும் ஆகாது.

நான், 13:21
தெரியும்மா. அதைச் சொல்லித்தான் மேசை பதிவு செய்தேன்.

தம்பி, 13:34
அக்கா, வெறும் வெஜிடேரியன் என்று சொன்னால் போதாது. நட் ரோஸ்ட் என்று கொட்டைப் பருப்புகளை அரைத்துச் சுடுவார்களே, அதில் பல இடங்களில் முட்டை சேர்ப்பார்கள். உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ வறுப்பார்கள். கிரேவி கறிச் சாற்றில் செய்தது. முட்டை, பால்கூடச் சேராத வீகன் ரோஸ்ட் என்றே கேள். கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

நான், 13:36
நல்லவேளை சொன்னாய். நட் ரோஸ்ட் உண்டு என்றுதான் சொன்னார்கள், முட்டையைப் பற்றி நான் கேட்கவே இல்லை. இப்போதே திரும்பப் பேசுகிறேன்.

நான், 13:52
பேசிவிட்டேன். அவர்கள் நட் ரோஸ்ட்டில் முட்டை சேர்ப்பார்களாம். அம்மாவுக்கு முட்டை, பால் இல்லாமல் தனியாக ஒன்று செய்து வைக்கிறோம் என்றார்கள். உருளைக்கிழங்கும் தனித் தட்டில் எண்ணெயில்.

மைனி, 13:55
அத்தைக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள். கடல் காற்று.

தம்பி, 14:02
ஓதம் ஏறும் நேரத்தையும் பார்த்துக்கொள். அங்கே கடல் வற்றினால் பாறைத் தளம் வளைவு வளைவாக வெகுதூரம் வெளியே தெரியும். ஏறினால் தண்ணீர் ஊர்ச் சுவர் வரை வந்துவிடும். மணலில் நடந்துகொண்டே தூரமாகப் போனால் திரும்பி வர வழியிருக்காது.

நான், 14:04
பார்த்துவிட்டேன். மூன்று மணி வாக்கில் நன்றாக வற்றியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

நான், 11:20
[படம்: ஊதா நிற மேடுகள், நடுவே சாலை]
நார்த் யார்க் மூர்ஸ் மேட்டு நிலம். ஹெதர் என்ற குத்துச்செடி பூத்திருக்கிறது. கண்ணுக்கு எட்டியவரை வீடு இல்லை, மரம் இல்லை, இந்த நிறம் மட்டும்தான். அம்மா காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள்.

அண்ணன், 11:24
என்ன அழகு! அப்பாவின் கால் முட்டு எப்படி இருக்கிறது? சரிவு என்கிறாயே.

நான், 12:22
மேலேயே காரை நிறுத்திவிட்டோம். வெளியார் வண்டி கீழே போகக் கூடாது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குகிறோம். ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டின் வாசலுக்கு நேராக இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே கள்ளக்கடத்தல் அமோகமாம். கரையில் இறக்கிய பட்டு மூட்டையை வெயில் படாமலே வீட்டுக்கு வீடு கைமாற்றி மலை உச்சிக்குக் கொண்டுபோய்விடலாம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வீடுகளின் நெருக்கத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

நான், 12:50
[படம்: தாழ்ந்த உத்தரம், ஜன்னலில் கடல், மேசையில் அப்பா]
உட்கார்ந்துவிட்டோம். உத்தரம் தலையில் இடிக்கும் உயரம். ஜன்னலைத் திறந்தால் கடல். அடுத்த மேசையில் பாட்டி, மகள், பேத்தி, பேத்தியின் குழந்தை என்று நான்கு தலைமுறை.

சித்தி, 12:53
அத்தான் என்ன குடிக்கிறார்?

நான், 12:55
ஜிஞ்சர் பியர். பெயரில்தான் பியர், மது கிடையாது. இஞ்சி காரமாக ஏறும். அம்மாவுக்கு எல்டர்ஃபிளவர் என்ற பூவின் சாறு சோடாவில். இங்கே மேசைக்கு வந்து யாரும் கேட்க மாட்டார்கள் சித்தி. மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு நாமே பாரில் போய்ச் சொல்லிக் காசு கொடுக்க வேண்டும். வரிசை என்று ஒன்று இருக்காது, ஆனால் யாருக்குப் பின் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவே எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அண்ணன், 12:57
அப்பாவா!

நான், 13:31
[படம்: தட்டு நிறையச் சாப்பாடு]
வந்துவிட்டது. இது அப்பாவின் தட்டு. செம்மறி ஆட்டுக்கறி, மெல்லிய துண்டுகளாக. வெளியே மொறுமொறு, உள்ளே மாவு மாதிரி உருளைக்கிழங்கு. காரட், பட்டாணி, ஆப்பிளோடு வேக வைத்த சிவப்பு முட்டைகோஸ். வெள்ளைக் காரட் மாதிரி இருப்பது பார்ஸ்னிப், சுட்டதும் அப்படி ஒரு இனிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே கிண்ணம் போல உப்பியிருப்பது யார்க்ஷயர் புடிங். காய்கள் பெரிய பாத்திரத்தில் பொதுவாக வருகின்றன. ஒருவருக்கொருவர் கைமாற்றிப் பரிமாறிக்கொள்கிறோம்.

மைனி, 13:33
புடிங்கா? அப்படியென்றால் இனிப்பா?

நான், 13:40
இனிப்பே இல்லை மைனி. முட்டை, மாவு, பால் மூன்றையும் சம அளவில் கரைத்து, புகை வரச் சுட்ட கொழுப்பில் ஊற்றி ஓவனில் வைப்பது. ஊற்றும்போது சுரீர் என்று சத்தம் கேட்க வேண்டும், இல்லையென்றால் உப்பாது. நடுவில் கதவைத் திறந்தாலும் அமுங்கிவிடும். அந்தக் காலத்தில் கறியைக் கம்பியில் கோத்து நெருப்புக்கு முன் சுற்றுவார்கள். சொட்டும் கொழுப்பை வீணாக்காமல் கீழே மாவுக் கரைசலை வைத்து ஏந்தினார்கள். அதுதான் தொடக்கம். 1747இல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி தம் சமையல் நூலில் யார்க்ஷயர் புடிங் என்ற பெயரிலேயே இதன் செய்முறையை அச்சிட்டிருக்கிறார்.

தம்பி, 13:42
4 அங்குலம் உயரம் இல்லையென்றால் அது யார்க்ஷயர் புடிங்கே இல்லை என்று 2008இல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி என்ற வேதியியலாளர் சங்கம் சொன்னது. அளந்து பாருங்கள்.

நான், 13:45
உன் மருமகன் மெனு அட்டையை நிறுத்தி வைத்து அளந்துவிட்டான். தாராளமாகத் தேறும் என்கிறான்!

சித்தி, 13:46
அக்காவுக்கு என்ன கிடைத்தது? அதைச் சொல்லு முதலில்.

நான், 13:52
[படம்: அம்மாவின் தட்டு]
முந்திரியும் வால்நட்டும் அரைத்துச் சுட்ட துண்டு, எண்ணெயில் வறுத்த உருளைக்கிழங்கு, வெங்காய கிரேவி. பரிமாறிய பெண் தட்டை வைத்துவிட்டு, "இதைத் தனிக் கரண்டியில் எடுத்தேன், பொதுப் பாத்திரத்துக் காரட்டில் மட்டும் வெண்ணெய் இருக்கிறது" என்று அவளாகவே சொன்னாள். வெண்ணெய் ஆகும் என்றாள் அம்மா. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

அம்மா, 14:06
நன்றாக இருக்கிறது. வெங்காயச் சாற்றில் கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். மேசையில் மிளகு இருந்தது, போட்டுக்கொண்டேன்.

அப்பா, 14:09
புதினாத் துவையலை வினிகரும் சர்க்கரையும் விட்டு இளக்கியது மாதிரி ஒன்று தருகிறார்கள். ஆட்டுக்கறிக்கு நன்றாகச் சேருகிறது. மாட்டுக்கறிக்கு வேறொன்று வைக்கிறார்கள், ஹார்ஸ்ராடிஷ். ஒரு துளி நாக்கில் வைத்தேன், கடுகு போல மூக்கில் ஏறியது.

நான், 14:31
பக்கத்து மேசைப் பெரியவர் அப்பாவோடு பேச ஆரம்பித்துவிட்டார். அவர் சின்ன வயதில் புடிங்கை மட்டும் கிரேவியில் நனைத்து முதலில் கொடுப்பார்களாம். பிள்ளைகள் வயிறு நிறைந்துவிட்டால் கறி கொஞ்சம் போதும். வறுமைக் காலத்து ஏற்பாடு. அவர் வீட்டில் இன்றைக்கும் அப்படித்தானாம். சர்ச்சுக்குப் போகும் முன் கறியை ஓவனில் வைத்துவிட்டுப் போவார்கள், வழிபாடு முடிந்து வரும்போது வெந்திருக்கும், அதனால்தான் இது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஆயிற்று என்றும் சொன்னார்.

நான், 14:48
கடைசியாக ஸ்டிக்கி டாஃபி புடிங், இது நிஜமாகவே இனிப்பு. பேரீச்சம்பழக் கேக், மேலே சூடான டாஃபிப் பாகு. அப்பா என்னுடையதிலும் பாதியைச் சாப்பிட்டுவிட்டார். சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பே போட்டுக்கொண்டார், யாரும் பதற வேண்டாம்.

நான், 15:25
[படம்: அம்மாவின் உள்ளங்கையில் சுருள் கல்]
சித்தி, இதைப் பாருங்கள். கடற்கரையில் கிடைத்தது. அம்மோனைட். 18 கோடி ஆண்டுகளுக்கும் மேல் முன்பு கடலில் வாழ்ந்த உயிரின் ஓடு கல்லாகிப் போனது. பாறையைக் குடையவில்லை, தானாகக் கிடந்ததைத்தான் எடுத்தோம். இந்த ஊர்க்காரர்கள் இதைப் பாம்புக்கல் என்பார்கள். விட்பியில் 657இல் மடம் அமைத்த ஹில்டா என்ற துறவி, அங்கிருந்த பாம்புகளையெல்லாம் கல்லாக மாற்றினார் என்பது கதை. அம்மா அதைக் கேட்டதிலிருந்து கல்லைக் கீழே வைக்கவில்லை.

சித்தி, 15:28
ஆவணி ஞாயிற்றில் பாம்புக்கல்லா! எனக்கு உடம்பு சிலிர்க்கிறது அக்கா.

அண்ணன், 15:30
சாளக்கிராமமும் இதுதானே? கண்டகி ஆற்றுக் கல்லில் இதே சுருள்தான்.

தம்பி, 15:33
ஆமாம், அதுவும் அம்மோனைட்தான். அரியலூரிலும் கிடைக்கிறது, அங்கே வயதில் இளையது.

அம்மா, 15:41
காலையில் நினைத்து நினைத்து வருத்தப்பட்டேன். அங்கே இந்நேரம் பால்குடத்தோடு வரிசை நிற்கும். ஓலைக்கூரைக்குக் கீழே சுவாமி, கையில் மண் பிரசாதம். இது ஒன்று கிடைத்தது, போதும்.

நான், 18:38
வீட்டுக்கு வந்துவிட்டோம். மலை ஏற முக்கால் மணி நேரம் ஆயிற்று, பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து. அங்கே ஊருக்கு நேரம் ஆகிவிட்டது, தூங்குங்கள்.

அப்பா, 20:35
எல்லோருக்கும். போகும்போது எனக்கு மனமில்லை, அதைக் குழுவிலேயே சொன்னேன். அதனால் பார்த்ததையும் சொல்ல வேண்டும். அந்தப் பப்பில் இரண்டு மணி நேரம் இருந்தோம், ஒருவர் குரல் உயர்ந்து கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒரு சம்பவம் சொன்னார். 1881 ஜனவரியில் விசிட்டர் என்ற கப்பல் புயலில் அந்த விரிகுடாவில் மூழ்கியது. கடல் வழியாக வர முடியாததால் விட்பியிலிருந்து உயிர்காப்புப் படகை 6 மைல் தரை வழியே இழுத்து வந்திருக்கிறார்கள். பனி சில இடங்களில் 7 அடி. முன்னால் ஆட்கள் பனியை வெட்டி வழி செய்ய, 18 குதிரைகளும் சுமார் 200 பேரும் இழுத்திருக்கிறார்கள். நாங்கள் இறங்கிய அதே சரிவில் கயிறு கட்டிப் படகை இறக்கியிருக்கிறார்கள். முதல் தடவை துடுப்புகள் முறிந்தன. ஆள் சேர்த்து மறுபடி போய் ஆறு பேரையும் காப்பாற்றினார்கள். இன்றைக்கும் இந்த நாட்டில் உயிர்காப்புப் படகுகள் மக்கள் தரும் காசில்தான் ஓடுகின்றன, படகில் போகிறவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். பாரில் அதற்கு ஓர் உண்டியல் இருந்தது. எனக்கு 2017 நவம்பர் 30 ஞாபகம் வந்தது. ஒக்கி புயல் அடித்த அன்று நம் கரையில் நின்ற பெண்களின் முகம். கையில் இருந்த சில்லறையெல்லாம் போட்டுவிட்டு வந்தேன்.

தம்பி, 20:44
அப்பா, நீங்கள் இவ்வளவு நீளமாகக் குழுவில் எழுதி நான் பார்த்ததே இல்லை. அடுத்த ஞாயிறு லண்டனுக்கு வாருங்கள், இங்கேயும் கூட்டிப் போகிறேன்.

அப்பா, 20:47
கடல் தெரிகிற இடமாகப் பார்.

திங்கட்கிழமை

சித்தி, 03:12
அத்தான் எழுதியதை இப்போதுதான் படித்தேன். இவருக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அக்கா, கல் எங்கே இருக்கிறது?

அம்மா, 06:50
சமையலறை ஜன்னலில். ராத்திரியே மஞ்சள் தொட்டு வைத்து, ஒரு கரண்டி பால் விட்டேன். மாப்பிள்ளை வாசலில் இருந்து இரண்டு பூ பறித்துக் கொடுத்தார்.

மைனி, 06:58
அத்தை, வரும்போது அதை இங்கே கொண்டு வருவீர்களா?

அம்மா, 07:03
இல்லை மக்களே. இங்கேயே இருக்கட்டும். இவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் பால் விடுவாள்.